சாக்லேட் கொடுத்த குற்றம்

2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர் பக்கம் ஒரு கார் வந்து நிற்கிறது. உள்ளே ஐந்து பேர். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த குடும்பம். மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர்களும் அதில் இருந்தார்கள். கோயிலுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வழி கேட்கிறார்கள். அந்த இடத்தில் பிள்ளைகளைப் பார்த்த 65 வயது அம்மா, கையில் இருந்த சாக்லேட்டை எடுத்துக் கொடுக்கிறார்.

அதைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விசாரிப்பின் தொனி மாறியதும் பயந்துபோனவர்கள் காரைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டார்கள். அவர்களுக்கு முன்பே செல்போன் தகவல் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அங்கே ஒரு கூட்டம் காத்திருந்து வழிமறித்தது. கார் கவிழ்க்கப்பட்டது. ஐந்து பேரும் வெளியே இழுக்கப்பட்டு அடிக்கப்பட்டார்கள். அந்த அம்மா இறந்துபோனார். மற்ற நால்வரும் படுகாயத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள். அடித்தவர்களே எடுத்த வீடியோக்கள் அன்று மாலைக்குள் தமிழ்நாடு முழுக்கச் சுற்றின.

குலதெய்வம் அந்த மண்ணில் இருக்கிறது என்றால் என்ன பொருள்? அவர்களுடைய முன்னோர்கள் அந்த வட்டாரத்தில் வாழ்ந்தவர்கள் என்றுதானே? பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் வருஷத்துக்கு ஒருமுறை, கோடை விடுமுறையில், பொங்கல் வைக்கவும் மொட்டை போடவும் தேடி வருவது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. நெடுஞ்சாலைப் பலகையில் அந்தக் கோயில்களின் பெயர் இருக்காது. ஊருக்குள் நுழைந்து யாரையாவது கேட்டுத்தான் போக வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்திலும் தெரியாத கார் ஒன்று நின்று வழி கேட்பது சாதாரணம். 2018-ல் அந்தச் சாதாரணமே குற்றமாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை 13. கர்நாடகத்தின் பீதர் மாவட்டம். ஐதராபாத்திலிருந்து நண்பர்கள் சிலர் காரில் வந்தார்கள். கத்தார் நாட்டைச் சேர்ந்த ஒருவரும் உடன் இருந்தார். வழியில் ஓரிடத்தில் நிறுத்தி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுச் சாக்லேட்டைக் கொடுத்தார்கள். சந்தேகம், வாக்குவாதம், பயந்துபோய்க் கிளம்பிய கார். வாட்ஸ்அப் குழு வழியாகத் தகவல் முன்னே ஓடியது. முர்க்கி என்ற ஊரில் பாதை அடைக்கப்பட்டிருந்தது. கார் கவிழ்ந்தது. காப்பாற்ற வந்த போலீஸ்காரர்களும் காயமடைந்தார்கள். 32 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் உயிரிழந்தார்.

இரண்டு ஊர்களுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. மொழி வேறு, மாநிலம் வேறு. ஆனால் நடந்தது ஒரே வரிசையில் நடந்திருக்கிறது: வெளியூர்க் கார், வெளிநாட்டு விருந்தாளி, பிள்ளைக்கு மிட்டாய், பயந்து கிளம்பியது, அடுத்த ஊருக்குத் தகவல். இந்த வரிசையில் நாம் நின்று கவனிக்க வேண்டியது கடைசி இரண்டையும்தான். பயந்து ஓடியதே குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. நின்றிருந்தாலும் அடி விழுந்திருக்கும். ஓடியதால் விழுந்த அடிக்குக் காரணமும் கிடைத்துவிட்டது. அடுத்த ஊரில் காத்திருந்தவர்களோ எதையும் கண்ணால் பார்க்கவில்லை. ‘பிள்ளை பிடிக்கிறவங்க வர்றாங்க’ என்ற செய்தி மட்டும்தான் அவர்களுக்கு வந்தது. முதல் ஊரின் சந்தேகம், இரண்டாவது ஊருக்கு வந்து சேரும்போது தீர்ப்பாகிவிட்டிருந்தது.

அந்த வருஷம் ஏப்ரலிலிருந்தே வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களில் குரல் செய்திகள் சுற்றிக்கொண்டிருந்தன. வடமாநிலத்துக் கும்பல்கள் நூற்றுக்கணக்கில் இறங்கியிருக்கின்றன, பிள்ளைகளைத் தூக்கிப்போய் உறுப்புகளை எடுக்கிறார்கள் என்று பதற்றமான குரலில் யாரோ பேசுவார்கள். பேசுகிறவர் யார் என்று தெரியாது. ஆனால் அனுப்பியது சித்தப்பா மகன், பக்கத்து வீட்டு அக்கா, கூட வேலை பார்ப்பவர். அந்த உறவின் மேல் இருக்கிற நம்பிக்கை செய்தியின் மேலும் ஒட்டிக்கொண்டது.

கூடவே ஒரு வீடியோ. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பைக்கில் வரும் இருவர் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தால் ஈரக்குலை நடுங்கும். அது எடுக்கப்பட்டது பாகிஸ்தானின் கராச்சியில். காணாமல்போகும் குழந்தைகளைத் தேடித்தரும் ‘ரோஷ்னி ஹெல்ப்லைன்’ என்ற தொண்டு அமைப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வு விளம்பரம். முழுப் படத்தில் அந்த பைக் திரும்பி வரும். பையனைப் பத்திரமாக இறக்கிவிடுவார்கள். கராச்சித் தெருவில் ஒரு பிள்ளையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று பொருள்படும் அட்டையை உயர்த்திக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற எடுத்த படம், இந்தியாவில் மனிதர்களைக் கொல்லப் பயன்பட்டது. வெட்டியவரை இன்றுவரை யாரும் அடையாளம் காட்டவில்லை.

ஏப்ரல் இறுதியில் குடியாத்தம் அருகே இந்தி பேசிய ஒருவரை அடித்தே கொன்றார்கள். அத்திமூர் சம்பவம் நடந்த அதே வாரத்தில் பழவேற்காட்டில் மனநலம் பாதித்த ஒருவர் கொல்லப்பட்டு பாலத்திலிருந்து தொங்கவிடப்பட்டார். மே 23-ல் பெங்களூரு சாமராஜ்பேட்டையில் ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த 26 வயது இளைஞர். ஜூன் 8-ல் அசாமின் கார்பி ஆங்லாங்கில், அருவி பார்க்கப் போன குவாஹாட்டி இளைஞர்கள் இருவர். அவர்களில் ஒருவர் நீளமாகச் சடைமுடி வளர்த்திருந்தார். ‘நானும் அசாமியன்தான்’ என்று அவர் கெஞ்சும் வீடியோவும் சுற்றியது. ஜூன் இறுதியில் அகமதாபாத்தில் பிச்சையெடுத்து வாழ்ந்த ஒரு பெண்.

ஜூலை 1-ம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரைன்பாடாவில் நடந்ததை இன்றைக்கும் பதறாமல் படிக்க முடியாது. அன்று வாரச்சந்தை. நாத்பந்தி தவரி கோசாவி என்ற நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர், சோலாப்பூர்ப் பக்கத்திலிருந்து யாசகம் கேட்டு வந்தவர்கள், அங்கே வந்து இறங்கினார்கள். ஒரு சிறுமியிடம் பேச முயன்றார்கள் என்று சந்தேகம். ஊராட்சி அலுவலக அறைக்குள்ளேயே அடைத்துவைத்து ஐந்து பேரையும் அடித்துக் கொன்றார்கள். ஊர் ஊராகப் போவதுதான் அவர்களின் வாழ்க்கைமுறை. ஆகவே எந்த ஊருக்கும் அவர்கள் வெளியூர்க்காரர்கள். இந்தக் கொலைகளில் செத்தவர்களின் பட்டியலை முழுசாகப் பார்த்தால் பணமும் செல்வாக்கும் உள்ளவர் யாரும் அநேகமாக இல்லை. மொழி தெரியாதவர், மனநலம் சரியில்லாதவர், யாசகர், நாடோடி, வழி தெரியாத பயணி. ‘நீ யார்’ என்று கேட்டால் அந்த ஊருக்குப் புரியும்படி பதில் சொல்ல முடியாதவர்கள். குடியாத்தத்தில் இந்தி பேசியதே சாட்சி. மனநலம் குன்றியவரின் மௌனமும் சாட்சி. இந்தக் குற்றச்சாட்டிலிருந்து எந்தப் பதிலைச் சொல்லியும் யாரும் தப்ப முடியாது.

2017 ஜனவரி முதல் 2018 ஜூலை 5 வரை பிள்ளை கடத்தல் வதந்தியால் நாட்டில் 69 தாக்குதல்கள் நடந்ததாகவும், 33 பேர் கொல்லப்பட்டதாகவும் ‘இந்தியாஸ்பெண்ட்’ தரவு இதழ் செய்திகளிலிருந்து தொகுத்துச் சொன்னது. பீதர் கொலை அந்தக் கணக்குக்குப் பிறகு நடந்தது.

எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப்தான் காரணம் என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதிதான். ஆனால் அது முழு உண்மையாகாது. 1982 ஏப்ரல் 30 அன்று கொல்கத்தாவின் பிஜோன் சேது பாலத்தருகே ஆனந்த மார்க்கத் துறவிகள் 17 பேர் பட்டப்பகலில் கொல்லப்பட்டார்கள். அதில் அரசியல் இருந்தது என்ற குற்றச்சாட்டு இன்றும் உண்டு. கூடவே, அவர்கள் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற பேச்சும் முன்கூட்டியே பரவியிருந்தது. அப்போது செல்போன் ஏது? 1994-ல் குவாத்தமாலாவின் ஒரு மலையூரில், குழந்தையிடம் கொஞ்சிய அமெரிக்கப் பெண் பயணி ஒருவரை, உறுப்புக்காகப் பிள்ளை கடத்துகிறவர் என்று சொல்லி அடித்தார்கள். காணோம் என்று தாய் தேடிய பையன் பிறகு நல்லபடியாகவே வந்து சேர்ந்தான். அந்தப் பெண்ணுக்கோ மூளையில் நிரந்தரப் பாதிப்பு. 2019 ஜூலையில் வங்கதேசத்தில், பத்மா நதிப் பாலத்துக்கு மனிதத் தலைகள் தேவைப்படுகின்றன என்ற வதந்தி. பாலத்துறை மறுப்பு அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. டாக்காவில், மகளைச் சேர்க்க இடம் கிடைக்குமா என்று பள்ளியில் விசாரிக்கப் போன ஒரு தாயை அடித்துக் கொன்றார்கள்.

பாலத்துக்குப் பலி கொடுக்கப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற கதை நம் பாட்டிகளுக்கும் தெரியும். சாக்குப்பையோடு வருகிறவனைக் காட்டி ‘பிடிச்சுக் குடுத்துடுவேன்’ என்று மிரட்டிச் சோறு ஊட்டாத வீடு எத்தனை? வாட்ஸ்அப் அந்தக் கதையைப் புதிதாக உண்டாக்கவில்லை. அதற்கு ஒரு தேதியும், ஒரு மாவட்டமும், பதறும் ஒரு குரலும் கொடுத்தது. எந்தத் தலைமுறைக்கும் தெரிந்த பயம் என்பதால் யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

இதில் பாரிஸ் நகரம் 1750-ல் பட்டதைச் சொல்லாமல் விட முடியாது. அந்த ஆண்டு மே மாதம், போலீஸ் பிள்ளைகளைத் தூக்குகிறது என்று நகரம் கொந்தளித்தது. நோயுற்ற அரச குடும்பத்தவர் ஒருவர் பிள்ளைகளின் இரத்தத்தில் குளிக்கிறார் என்றார்கள். இரத்தக் குளியல் பொய். ஆனால் போலீஸ் பிள்ளைகளைத் தூக்கியது மெய். தெருவில் திரிபவர்களை அப்புறப்படுத்த உத்தரவு வந்திருந்தது. பிடித்துக்கொடுக்கும் தலைக்கு இவ்வளவு என்று போலீசாருக்குப் பணமும் கிடைத்தது. ஆகவே கைத்தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். கோபம் கொண்ட கூட்டம் போலீஸ் ஆள் ஒருவரைத் துரத்திப் பிடித்துக் கொன்றது. பிறகு கலகக்காரர்கள் மூவர் தூக்கிலிடப்பட்டார்கள். வதந்தியை நம்புகிறவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இது ஒரு பாடம். பொய்யின் அடியில் பல சமயம் ஒரு நிஜமான வலி இருக்கிறது.

நம் நாட்டிலும் பிள்ளைகள் காணாமல்போகிறார்கள். ஏழைப் பெற்றோர் புகார் கொடுக்கப் போனால் ‘சொந்தக்காரங்க வீட்ல தேடினீங்களா’ என்று திருப்பி அனுப்பும் ஸ்டேஷன்கள் இருக்கின்றன. என் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் கேட்க ஆளில்லை என்று எண்ணுகிற தாய், ஊரே சேர்ந்து காவல் நிற்கும்போது அதில் நிற்காமல் இருப்பாளா? 2018 ஏப்ரலில் இரவெல்லாம் கம்போடு தெருவில் ரோந்து போனவர்கள் தங்களைக் கொலைகாரர்களாக நினைக்கவில்லை. பிள்ளையைக் காக்கும் தகப்பன்களாக நினைத்தார்கள். இந்தக் கொலைகளின் பயங்கரமே அதுதான். வெறுப்பால் கொல்பவனுக்கு எங்கோ ஒரு தயக்கமாவது வரலாம். பிள்ளைப் பாசத்தில் கொல்கிறவனுக்கு அதுவும் வருவதில்லை.

கொலைக்குப் பிறகு அத்திமூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீடியோவை வைத்து ஆட்களை அடையாளம் கண்டு கைது செய்யத் தொடங்கியது போலீஸ். ஆண்கள் தலைமறைவானார்கள். பல வீடுகள் பூட்டிக்கிடந்தன. எந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக் கம்பை எடுத்தார்களோ, அந்தப் பிள்ளைகள் தகப்பன் இல்லாத வீட்டில் இருந்தார்கள். சாக்லேட் வாங்கிய குழந்தைகளை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கு இந்த ஊர் என்ன சொல்லியிருக்கும்?

போலீஸ் மறுத்தால் வதந்தி அடங்கிவிடுமா? திரிபுராவைப் பாருங்கள். 2018 ஜூன் இறுதியில் அங்கே ஒரு சிறுவன் இறந்துகிடந்தான். சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள் என்று பேச்சுப் பரவியது. பிரேதப் பரிசோதனையில் அப்படி எதுவும் இல்லை என்று சொன்னார்கள், எடுபடவில்லை. வதந்தியை நம்பாதீர்கள் என்று ஊர் ஊராக மைக்கில் சொல்ல மாநிலத் தகவல் பண்பாட்டுத் துறை ஒரு இளைஞரை வேலைக்கு அமர்த்தியது. ஜூன் 28 அன்று சப்ரூம் பகுதியில் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் போன அவரையே பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்துக் கொன்றார்கள். அவரும் அந்த ஊருக்குத் தெரியாத முகம். அரசாங்கத்தின் உண்மையைச் சுமந்து வந்திருந்தாலும், அவரை அறிந்தவர் அங்கே யாரும் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம், அதே கோடையில், தெலங்கானாவின் கத்வால், வனபர்த்தி மாவட்டங்களில் கிடைத்தது. அங்கே எஸ்.பி.யாக இருந்தவர் ரெமா ராஜேஸ்வரி. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு போலீஸ்காரர் பொறுப்பு என்று ஏற்பாடு செய்திருந்தார். சுமார் 400 கிராமங்கள். கிராமத்துக்குப் போய்வந்த ஒரு கான்ஸ்டபிள் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார்: வெயில் காலத்தில் வாசலில் கட்டில் போட்டுப் படுக்கிற ஜனங்கள் பொழுது சாயும் முன்பே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். யாரும் புகார் கொடுக்கவில்லை. எந்தக் குற்றமும் நடக்கவில்லை. ஆனால் ஊரின் வழக்கம் மாறியிருக்கிறது. ஏன் என்று விசாரித்தபோதுதான் ஊரார் செல்போன்களில் சுற்றிக்கொண்டிருந்த சிதைந்த உடல்களின் படங்களும் கடத்தல் கும்பல் பற்றிய செய்திகளும் தெரியவந்தன.

ரெமா ராஜேஸ்வரி அறிக்கை வெளியிடுவதோடு நிறுத்தவில்லை. போலீசார் வீடுவீடாகப் போனார்கள். தப்பு அடித்து ஊருக்குச் சொல்ல வைத்தார்கள். நாட்டுப்புறப் பாடகர்களைக் கொண்டு இதையே பாட்டாகப் பாடவைத்தார்கள். உள்ளூர் வாட்ஸ்அப் குழுக்களில் போலீஸும் சேர்ந்தது. சந்தேகம் வந்தால் அடிக்காதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள் என்று, ஏற்கெனவே தெரிந்த ஒரு முகம் அவர்களிடம் சொன்னது. சுற்றிலும் கொலைகள் நடந்துகொண்டிருந்தபோது அவருடைய எல்லைக்குள் ஓர் உயிர்கூடப் போகவில்லை. இந்தக் கட்டுரையில் சொல்லப்பட்ட எல்லாச் சம்பவங்களையும் அடுக்கி வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகிற ஒரே விஷயம் இதுதான்: கூட்டம் சேர்ந்தபின் உண்மைக்குக் குரல் கிடையாது. சந்தேகத்துக்கும் முதல் அடிக்கும் நடுவிலே உள்ள அந்தச் சில நிமிஷங்களில், ஊருக்குத் தெரிந்த ஒருவர் ‘கொஞ்சம் பொறுங்க, நான் விசாரிக்கிறேன்’ என்று முன்னால் வந்து நிற்க வேண்டும். அப்படி நிற்பவரை வதந்தி வருவதற்கு முன்பே தயார் செய்திருக்க வேண்டும்.

அத்திமூரில் அப்படி யார் நின்றிருக்க முடியும்? ஊராட்சித் தலைவர் என்று நினைக்கத் தோன்றும். 2018 மே மாதத்தில் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரே கிடையாது. உள்ளாட்சிப் பதவிக்காலம் 2016 அக்டோபரோடு முடிந்துபோயிருந்தது. தேர்தல் நடத்தப்படாமல் தனி அலுவலர்களின் கையில் ஊராட்சிகள் இருந்தன. தலைவர் இருந்திருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆள் இல்லாத காலத்தில், ஊர் இந்தப் பயத்தைத் தனியாகச் சந்தித்தது என்பதை மறக்கக் கூடாது என்கிறேன்.

அதிகாரத்தில் இருப்பவர்கள் அதன்பிறகு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப் 2018 ஜூலையில் ஃபார்வர்டு செய்திகளுக்கு அடையாளம் போட்டது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி மாற்றியது. அதே ஜூலை 17-ல், தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும், இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து இயன்றவரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றி யோசிக்கும்படி நாடாளுமன்றத்துக்கும் சொன்னது.

2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து செய்யும் கொலையைத் தனியாகச் சொல்கிறது. இனம், சாதி, சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை அல்லது அதுபோன்ற வேறு காரணத்துக்காகக் கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள். இதில் அத்திமூர் எங்கே வரும்? அந்த அம்மாவை எந்தச் சாதிக்காகவும் மொழிக்காகவும் கொல்லவில்லை. தமிழ் பேசுகிற ஊரில் தமிழ் பேசி வழி கேட்டவர் அவர். வெறும் வதந்தியால் நடக்கும் கொலை அந்த வரிசைக்குள் வருமா என்பதை வழக்குகள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். 2018-ன் கொலைகளைப் பார்த்து எழுதிய சட்டமாக அது எனக்குத் தோன்றவில்லை.

வதந்தி ஓயவுமில்லை. 2023 பிப்ரவரி, மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வடக்கே பரவின. அந்த முறை குற்றஞ்சாட்டப்பட்டது தமிழ்நாடு. திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்த்தவர்களின் அம்மாக்கள் பீகாரில் அழுதார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பி நேரில் பார்த்துத் திரும்பவேண்டி வந்தது. 2018-ல் குடியாத்தத்தில் இந்தி பேசியவரைப் பார்த்து நாம் பட்ட பயமும், 2023-ல் நம்மைப் பார்த்து அந்த அம்மாக்கள் பட்ட பயமும் வேறுவேறு இல்லை. 2024 பிப்ரவரி, மார்ச்சிலும் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பிள்ளை கடத்தல் வதந்தி மறுபடி கிளம்பியது. பம்மலில் ஒரு திருநங்கை அடிபட்டார். காவல்துறை மறுபடியும் மறுப்பு வெளியிட்டது.

அத்திமூர்க் கொலை நடந்தது மே 9. அதற்கு எட்டு நாள் முன்னால் மே 1, தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் கிராம சபை கூடும் நாள். கோடை விடுமுறை தொடங்கி, குலதெய்வம் கும்பிட வெளியூர்க் கார்கள் வரத் தொடங்கும் நேரமும் அதுதான். குடிநீரும் தெருவிளக்கும் நூறு நாள் வேலையும் பேசப்படும் அந்தச் சபையின் பொருள் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சந்தேகப்படும்படி யாராவது வந்தால் ஊர் யாரைக் கூப்பிடும்? ஸ்டேஷனிலிருந்து இந்த ஊருக்குப் பொறுப்பான காவலர் யார்? அவர் வந்து சேரும்வரை அந்த வெளியூர்க்காரரை எந்த வீட்டில், யார் பொறுப்பில் உட்காரவைப்பது? தலைவர், அங்கன்வாடி அம்மா, தலைமையாசிரியர், கோயில் பூசாரி என்று இரண்டு மூன்று பேரின் பெயரும் செல்போன் எண்ணும் ஊராட்சி அலுவலகச் சுவரில் பெயிண்டால் எழுதப்பட வேண்டும். அந்தக் காவலர் அன்று சபைக்கு வந்து ஜனங்களுக்கு முகத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.